கவசப் பொடி

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்த பிறகும் தினமும் போன் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று அத்தான் எடுத்தார். "அவ பேச மாட்டாளாம். சொல்றதை எழுதி அனுப்பச் சொல்றா. எழுத்துல அழ முடியாதாம்" என்றார். அப்புறம் வைத்துவிட்டார். அது உன் பேச்சேதான், சந்தேகமில்லை. அதனால் எழுதுகிறேன். கடையில் இது சாப்பாட்டு நேரம். தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

கீச்சு எப்படி இருக்கிறாள்? கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டதா? வாந்தி நின்றதா? அவளிடம் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாய்? ஆஸ்பத்திரியில் என் பையை நீயே தூக்கிக்கொண்டு வந்து லிஃப்ட் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அவளிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட விடவில்லை.

சுற்றி வளைக்கவில்லை, நான் செய்தது தப்பு. காலையிலும் ராத்திரியிலும் அவள் பாலில் பொடி கலந்து கொடுத்தேன், உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் கெடுதல் செய்யவா செய்தேன்? தலையில் கதிர் பாய்ச்சும்போது கட்டியோடு நல்ல மூளையும் அடிபடும், பின்னால் படிப்பு மந்தமாகலாம், ஞாபகம் குறையலாம் என்று டாக்டரம்மாதான் சொன்னார். அதையே அச்சடித்துக் கொடுத்து உன்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். நீ சடாரென்று போட்டாய். நான் அந்தக் காகிதத்தைப் படித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பொடியில் இருந்தது வல்லாரை, நீர்ப்பிரமி, இன்னும் இரண்டு மூன்று இலை. மூளைக்கு நல்லது என்று நாலு பேர் சொல்கிறவைதான். கதிர் உள்ளே போனாலும் மூளைக்குக் கவசம் மாதிரி நிற்கும் என்றார்கள். அதை அவளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் நானே குடித்துப் பார்த்தேன். இது உனக்குத் தெரியாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா.

மழித்த தலைக்குக் குளிருமே என்று இரண்டு பருத்தித் தொப்பி தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தழும்பில் உறுத்தாதபடி தையலை மடித்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தைத் தொப்பி மேல் காட்டாதே.

உன் தங்கை


பிப்ரவரி 24

தங்கைக்கு,

தொப்பி வந்தது. போட்டிருக்கிறாள்.

மஞ்சள் இறங்கிக்கொண்டிருக்கிறது. நேற்றுதான் மறுபடி கதிர் ஆரம்பித்தார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. இனி நான் சொல்வதைக் கேள்.

ஊர் குடிக்கிற தண்ணீரை நாளெல்லாம் குப்பி குப்பியாகச் சோதிக்கிறவள் நான். ஒரு குப்பியில் நிறம் இம்மி மாறினாலும் குழாயை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். என் பிள்ளை குடித்த டம்ளரை ஒருநாளும் முகர்ந்து பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? கலந்து கொடுத்தது நீ.

அவள் கண் மஞ்சளித்த அன்று டாக்டரம்மா நம் மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது.

"வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, பொடி, கஷாயம், சத்து மாத்திரை? நான் திட்ட மாட்டேன். தெரிஞ்சா எனக்கு ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான்."

"எங்க வீட்டுல அப்படி யாரும் செய்ய மாட்டாங்க டாக்டர். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். கேட்டதே அவமானம் என்று நினைத்தேன். நீ ஜன்னலோரம் அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டு நின்றாய். வாரிக்கொண்டே இருந்தாய்.

ஈரல் அந்த நிலையில் இருக்கும்போது மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று மயக்கம் கொடுக்கிற டாக்டர் கையை விரித்துவிட்டார். மயக்கம் கொடுக்காமல் அவள் கதிருக்காக முகத்தில் மாட்டுகிற அந்த வலைமுகமூடிக்குள் ஆடாமல் அசையாமல் படுக்க மாட்டாள். கதிர் நின்றது. பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கிற கட்டிக்குத்தான் கொண்டாட்டம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நீயும் பக்கத்தில் இருந்து கேட்டாய். அதற்கு அப்புறமும் நாள் நாளாக அவள் கையில் ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் காலில் எடுத்தார்கள். அவள் காலைப் பிடித்துக்கொண்டது யார்? நீதான்.

ஈரலில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. அதற்கு முந்தின சாயங்காலம் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நர்ஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"சிஸ்டர், நான் என்ன குடிச்சேன்னு யாராவது சொல்லிட்டா ஊசி குத்த மாட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"யாரு சொல்லணும் கண்ணு?"

"நான் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிட்டேன்."

அந்த நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசியிருக்கிறாள். கடைசியில் கீச்சு விக்கி விக்கி அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள்: "சித்தி பால்ல பச்சைப் பொடி போடுவாங்க. அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. நீங்களும் சொல்லாதீங்க."

ஏழு வயதுக் குழந்தை. பின்மண்டையில் தையல், கையில் ஊசி, உடம்பெல்லாம் மஞ்சள். அவளிடம் போய் உன் ரகசியத்தைக் காக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்ற இடத்தில் அது பேச வேண்டியதாயிற்று.

பொடி கொடுத்ததை என்றாவது ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். நான் உனக்காகப் பொறுப்பேற்றுப் பேசியபோது நீ பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாயே, அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 2

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் படிக்க முடியவில்லை. துணி மாற்றிப் பார்க்கிற அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். வாடிக்கையாளர் கதவைத் தட்டும் வரை அங்கேயே இருந்தேன்.

நர்ஸிடம் அவள் பேசியதை நீ எழுதியிருக்க வேண்டாம். தண்டனைக்காகத்தான் எழுதினாய். சரி, வாங்கிக்கொண்டேன். இப்போது நீ கேள். பத்து வருடமாக நான் உன்னிடம் சொல்லாதது இது.

அப்பா தலையில் கட்டி என்று தெரிந்தபோது கதிருக்குக் கையெழுத்துப் போட்டதும் நீதான். போட்டுவிட்டு உன் வேலைக்குத் திரும்பினாய். கட்டி அடங்கியது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒரு வருடம் ஒழுங்காக இருந்தார். அதன் பிறகு சட்டைப் பொத்தானைத் துளையில் மாட்டத் தெரியாமல் நின்றார். குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒருநாள் காலையில் காப்பியைக் கையில் கொடுத்தபோது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா? ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க" என்றார்.

தினமும் கேட்டார். தினமும் சொன்னேன். "எனக்கு ஒரே பொண்ணு. வெளியூர்ல பெரிய வேலை. வருவா" என்று என்னிடமே பெருமையாகச் சொல்வார். நீ மாதத்துக்கு ஒருமுறை வந்து நிற்பாய். உன்னைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே மலரும். நான் அடுப்படியில் நின்று பார்ப்பேன்.

கதிரால் அப்பாவுக்கு நாலு வருடம் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொல்வாய். உனக்குக் கிடைத்தது. என் தலையில் விடிந்தது.

கீச்சு தலையிலும் அதே கதிர் என்றபோது எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா. இவளும் ஒருநாள் என்னைப் பார்த்து அப்படிக் கேட்பாளோ? உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்பா வயசு வேற, இவ வயசு வேற. டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்று ஒரே அடியில் வாயை அடைத்தாய். அதற்கு மேல் யாரிடம் பேசுவது?

டாக்டரம்மா அறையில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்கிறாய். திறக்கத்தான் போனேன். அதற்குள் நீ முந்திக்கொண்டு "எங்க வீட்டுல யாரும் செய்ய மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு நான் பேசினால் உன்னைப் பொய்யாக்கியதாக ஆகும். மறுநாள் காலையில் அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். நான் கோழை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. பொடி வாங்கியது, கலந்தது, கொடுத்தது எல்லாம் நான் ஒருத்திதான். திட்டுவதானால் என்னை மட்டும் திட்டு.

தங்கை


மார்ச் 8

தங்கைக்கு,

அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அவர் உன்னிடம் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. அந்த நாலு வருடத்தில் நான் ஒரு வாரம்கூட முழுதாகத் தங்கியதில்லை. நீ இதை என் முகத்துக்கு நேராகச் சொல்லி நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அந்தக் கோபம் என்னோடு நின்றிருக்க வேண்டும். அதை என் பிள்ளையின் பால் டம்ளருக்குள் கொண்டுவந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ எழுதியதில் ஓர் இடம் உதைக்கிறது. "நான் ஒருத்திதான்" என்கிறாய். பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது, முதலாளியம்மா கூப்பிடுகிறார் என்று நடுவில் ஒரு வாரம் நீ ஊருக்குப் போனாய். பொடி நடுவில் நின்று மறுபடி ஆரம்பித்ததா, விடாமல் போனதா என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கீச்சிடம் கேட்டேன்.

"சித்தி ஊருக்குப் போனப்போ அந்தப் பால் குடிக்கலையாம்மா?"

என்னைப் பார்த்தாள். அப்புறம் கதவைப் பார்த்தாள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். முன்பெல்லாம் வாய் ஓயாமல் கீச்சுக் கீச்சென்று பேசுகிறாள் என்றுதானே நாம் அந்தப் பெயரே வைத்தோம். சொன்னால் யாரையோ காட்டிக்கொடுத்ததாகும், சொல்லாவிட்டால் அம்மாவிடம் பொய்யாகும் என்று அந்தச் சின்ன முகம் பட்ட பாட்டைப் பார்த்துக் கேள்வியை நிறுத்திவிட்டேன். இனி அவளை ஒன்றும் கேட்க மாட்டேன். உன்னைக் கேட்கிறேன்.

அந்த வாரம் பாலைக் காய்ச்சியது உன் அத்தான். ஆற்றியது அவர். குடித்த டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்தது அவர். நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தேன். பத்து வருடத்தில் இந்த மனிதர் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை, பிள்ளைக்கு ஒன்று என்றதும் எப்படி மாறிவிட்டார் என்று நெகிழ்ந்துபோனேன். மறுநாள் வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அது அன்பில்தான் கழுவியதா, தடயம் போகக் கழுவியதா? ஆமாம் அல்லது இல்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

அக்கா


மார்ச் 13

அக்கா,

ஆமாம்.

நீ வேண்டாம் என்றாலும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நீயாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வாய்.

யோசனையே அத்தானுடையது. அவருடைய ஓட்டுநர் பள்ளியில் கார் பழக ஒரு மூலிகைக் கடைக்காரர் வருகிறார். எல்லோரும் அவரைப் பச்சிலை என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டி ஓட்டும்போது பேச்சுவாக்கில் அத்தான் கீச்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "தலைக்குக் கதிர் வைக்கிறவங்களுக்குன்னே என்கிட்ட ஒரு கவசப் பொடி இருக்கு, எத்தனையோ பேரு மூளை கெடாம பொழைச்சிருக்காங்க" என்று அவர் சொல்ல, அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார்.

என்னிடம் வந்து சொன்னபோது முதலில் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அக்காகிட்ட சொல்லிட்டுச் செய்யலாமே அத்தான்" என்றேன். "அவகிட்டயா? சொன்னா சோதனைக் கூடத்துக்கு எடுத்துட்டுப் போயி ரிப்போர்ட் வாங்கிட்டு வர்றதுக்குள்ள கதிரே முடிஞ்சிடும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உன்னை வைத்து நாங்கள் இருவரும் சிரித்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது. அப்புறம் அவர் அழுதார். "உங்க அப்பாவுக்கு என்னென்ன ஆச்சுன்னு கூட இருந்து பார்த்தவ நீதான். அது என் பொண்ணுக்கும் ஆகட்டும்னு விடச் சொல்றியா?" என்று கேட்டார். அப்பாவை நான் பார்த்துக்கொண்டதை அதுவரை யாருமே ஒரு பொருட்டாகப் பேசியதில்லை அக்கா. அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன்.

நர்ஸிடம் கீச்சு சித்தி என்று மட்டும்தான் சொன்னாள், அப்பாவைச் சொல்லவில்லை. அத்தான் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "உன் பேரோட போகட்டும். நானும்னு தெரிஞ்சா குடும்பமே உடைஞ்சிடும். நீ தங்கச்சி, உன்னை எப்படியும் மன்னிச்சிடுவா" என்றார். நீ என் பையை லிஃப்ட் வாசலில் வைத்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

இதை எழுதினேன் என்று அவருக்குத் தெரிந்தால் என் முகத்திலேயே விழிக்க மாட்டார். பரவாயில்லை.

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

கேட்டேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. "பச்சிலை கார் ஓட்டப் பழகிட்டாரா?" என்று மட்டும் கேட்டேன். கையில் இருந்த வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உன்கிட்ட கேட்டிருந்தா நீ விட்டிருக்க மாட்டே."

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"இந்த வீட்டுல எதுக்குத்தான் என்னைக் கேட்டே? ஆபரேஷனா, நீ சொன்ன ஆஸ்பத்திரி. கதிரா, நீ சொன்ன தேதி. அவளுக்கு நானும் அப்பன்தானே. என் பங்குக்கு ஒண்ணு செய்யணும்னு இருக்காதா?"

அதில் உண்மை இருக்கிறது என்பதுதான் என்னை எரிக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் அழுதிருப்பேன். "பொண்ணு நல்லாயிட்டா உன் டாக்டரால நல்லாச்சுன்னே இருக்கட்டும்னு விட்டுக்கொடுக்கத் தயாரா இருந்தோம், பேரு கூட எங்களுக்கு வேண்டாம்னுதான் இருந்தோம்" என்றார். எங்களுக்கு. நீயும் அவரும் சேர்ந்து ஓர் அணி, நான் எதிரணி. என் பிள்ளையைக் காப்பாற்ற என்னிடமிருந்தே மறைத்திருக்கிறீர்கள்.

ஓட்டுநர் பள்ளி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பாய். பழகுகிறவர் தாமே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். பத்து வருடமாக நான் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்.

அவரைத் துரத்தவில்லை. கீச்சைத் தூக்கிக்கொண்டு கதிர் அறை வாசல்வரை போக அவர் கை வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் பால் கொண்டுவந்தால் முதலில் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கிறேன். அவர் முகத்துக்கு நேராகவே குடிக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் ஒரு செய்தி. நடுவில் விட்டுப்போனதை ஈடுகட்ட, முன்பு சொன்னதைவிடச் சில நாள் கூடுதலாகக் கதிர் கொடுக்கிறார்கள். கதிரிலிருந்து காக்கிறோம் என்று கொடுத்த பொடியால் அவள் தலைக்கு அதிகக் கதிர். டாக்டரம்மாவிடம், அந்த இலைகள் மூளையைக் கொஞ்சமாவது காத்திருக்குமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "காக்குதுன்னே வைங்க. நல்ல மூளைக்குக் குடை பிடிக்கிற இலை பக்கத்துல இருக்கிற கட்டிக்கும் சேர்த்துப் பிடிச்சா? அதுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?" என்றார்.

பொடியில் என்னென்ன, எவ்வளவு என்று டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டும். உன் அத்தான் போய்க் கேட்டால் பச்சிலையோடு சேர்ந்து இன்னொரு கதை கட்டுவார். நீ போ. இது நான் உனக்கு இடுகிற வேலை, மன்னிப்புக்கான விலை என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 29

அக்கா,

போய்வந்தேன்.

சின்னக் கடை. சுவர் நிறையப் பிளாஸ்டிக் டப்பா, ஒவ்வொன்றிலும் கையால் எழுதி ஒட்டிய சீட்டு. அவர் கல்லாவில் உட்கார்ந்து ஓட்டுநர் தேர்வுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொம்பு முளைத்த ஒரு ராட்சசனைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு. தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக, "வாம்மா, பாப்பா எப்படி இருக்கு?" என்று எழுந்து நாற்காலி போட்டார்.

நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "என் பொடியால இருக்காதும்மா. இங்கிலீஷ் மருந்துச் சூடு அது" என்றார். பொடியில் என்ன என்று கேட்டால், தொழில் ரகசியம் என்றார். நான் எழவில்லை. வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும், "என் அக்கா பொண்ணுக்கு இவர் பொடி குடுத்துத்தான் மஞ்சளாச்சு" என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பேர் திரும்பிப் போனதும் தாளை எடுத்து எழுதிக் கொடுத்தார். வல்லாரை, நீர்ப்பிரமி, துளசி, மஞ்சள், சீந்தில். அளவைக் கேட்டதற்குக் கைப்பிடியைக் காட்டினார். அவர் கைப்பிடி. ஏழு வயதுக் குழந்தைக்கு என்று குறைத்துப் போட்டீர்களா என்று கேட்டேன், தேர்வுப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார்.

அப்புறம் கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"எத்தனையோ பேர் மூளை கெடாம பொழைச்சாங்கன்னு சொன்னீங்களே. அதுல ஒருத்தரைப் பார்க்கணும். விலாசம் குடுங்க."

"அது வந்தும்மா, ஆராய்ச்சியில வந்திருக்கு. நான் சும்மா சொல்லலை" என்று டிராயரைத் திறந்து மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தார். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஆங்கிலக் கட்டுரை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த எத்தனையோ பேரும் எலி அக்கா. கூண்டில் வைத்து, இலைச் சாறு கொடுத்து, கதிர் பாய்ச்சி, கொன்று, மூளையை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை என்று கடைசியில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

"இதுக்கு முன்னாடி எந்தக் குழந்தைக்காவது குடுத்திருக்கீங்களா?"

"நல்ல மனசோடதாம்மா குடுத்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானும் நல்ல மனதோடுதான் கொடுத்தேன், அத்தானும் அப்படித்தான். எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட, நீ கேட்டிருப்பாயே அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்லாமல் செய்தோம் என்று இப்போது தோன்றுகிறது. நீ கேட்டுவிடுவாய் என்ற பயம்.

அவர் எழுதிய தாள், மிச்சமிருந்த பொடி, அந்தக் கட்டுரை மூன்றையும் டாக்டரம்மா பெயருக்கே நேராக அனுப்பிவிட்டேன். கூடவே, அன்று நீங்கள் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான், என் அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தங்கை


ஜூலை 6

தங்கைக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. நீ எழுதியவை எல்லாம் வந்தன, படித்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருந்த இடத்தில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா இப்போதைக்கு என்பதை அழுத்தித்தான் சொன்னார். ஈரல் சரியாகிவிட்டது. தலையில் பூனை முடி மாதிரி முளைத்திருக்கிறது. பள்ளிக்கு அரை நாள் போகிறாள்.

பேசுகிறாள். ஆனால் நடுவில் நின்றுவிடுகிறாள். போன வாரம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதை எடுத்து வைக்கவா, இந்த, இந்த..." என்று தேடினாள். வெகுநேரம் தேடிவிட்டு, "வெட்டறது" என்றாள். உன் கடைக்கு வரும்போதெல்லாம் அவள் முதலில் ஓடி எடுப்பது அதைத்தான். கதிருக்கு அப்புறம் இப்படி ஆகலாம், போகப் போகத்தான் தெரியும், பயிற்சி கொடுக்கலாம் என்றார்கள். இது அவளுக்கு எப்படியும் வந்திருக்குமா, கூடுதலாகக் கொடுத்த நாட்களால் வந்ததா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாதாம்.

அவள் ஒரு சொல்லைத் தேடும்போது நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டோம். கையெழுத்துப் போட்டவள் நான். பொடி கொடுத்தவர் அவர். யாரைப் பார்த்து யார் பேசுவது? கூடத்தில்தான் படுக்கிறார். வீட்டில் எல்லா வேலையும் செய்கிறார். நான் கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், கடையில் தீப்பெட்டி வாங்கியதைக்கூட. கேட்டுக்கொள்கிறேன். நம்பிக்கை வரவில்லை.

அவள் உன்னைக் கேட்கிறாள். முதலில் வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள், இப்போது தினமும்.

வா. ஆனால் சொல்லிவிடுகிறேன். நான் இல்லாமல் நீ அவளோடு ஓர் அறையில் இருக்க முடியாது. நீ உன் கையால் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது. அது எப்போது மாறும் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. உன்னைத் தள்ளி வைக்கவும் முடியவில்லை, பழைய மாதிரிச் சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை. இதற்குச் சம்மதம் என்றால் வா. இல்லையென்றால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

சம்மதம். அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறேன்.

நீ போட்ட கட்டளை ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொள்கிறேன், முணுமுணுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் ஏன் அவளுக்கு ஊட்டிவிடுவதில்லை, நீ ஏன் எங்களோடு கூடவே உட்கார்ந்திருக்கிறாய் என்று அவள் கேட்டால் உண்மையைச் சொல்லாதே. சித்திக்குக் கையில் அடி என்று ஏதாவது சொல்லிவை. அவள் கண்ணில் நான் பழைய சித்தியாகவே இருந்துவிட்டுப் போகிறேனே. அது மட்டும்தான் எனக்கு மிச்சம்.

தங்கை


ஜூலை 15

தங்கைக்கு,

முடியாது. இன்னொரு பொய்யை இந்த வீட்டில் நுழையவிட மாட்டேன், அது உன் மனதுக்கு எவ்வளவு இதமாக இருந்தாலும்.

உன் கடிதம் வந்த அன்றே அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். அவரும் பக்கத்தில் இருந்தார். சித்தியும் அப்பாவும் உனக்கு நல்லது என்று நினைத்து ஒரு மருந்து கொடுத்தார்கள், அது உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதை அம்மாவிடம் மறைத்தது அவர்கள் தப்பு. உன்னை மறைக்கச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அதற்காக அம்மாவுக்கு அவர்கள் மேல் கோபம், அது தீரக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை அம்மா கூடவே இருப்பேன். இவ்வளவுதான் சொன்னேன். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. "ஆமாம்மா, அப்பா செஞ்சது தப்பு" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் அவளிடம்தான், என்னிடம் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சொல்லைத் தேடுகிறாளோ என்று காத்திருந்தேன். அப்புறம் கேட்டாள்:

"நான் சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்னு சித்திக்கு என்மேல கோபமா? அதனாலதான் வரலையா?"

ஐந்து மாதமாக இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் உன்னைக் கேட்டிருக்கிறாள். இல்லடா கண்ணு என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை. இந்த வீட்டில் பெரியவர்கள் சொல்வதை அவள் இனிமேல் அப்படியே நம்ப மாட்டாள்.

நீ வந்து சொல். உள்ளே வந்ததும் முதல் வேலையாக அதைச் சொல், செருப்பைக்கூட அப்புறம் கழற்றலாம். பேருந்து நிலையத்துக்கு அழைக்க யாரும் வர மாட்டோம். வழி உனக்குத் தெரியும்.

அக்கா